சினை ஊசிக்காரி டெர்வ்லாவுக்கு எட்டாத மாத்திரை

காலையிலிருந்து ஒரு பசு தீவனத்தில் வாய் வைக்கவில்லை, குடித்த தண்ணீரும் தங்கவில்லை, கண் உள்ளே போய்விட்டது என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? "எல்லாப் பசுவுக்கும் வருவதுதான், மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடும்" என்று முதுகைத் தட்டிவிட்டுப் போவீர்களா?

கில்கோரன் வட்டாரத்தில் யாரும் அப்படிப் போகமாட்டார்கள். ஒரு போன் போதும், மாட்டு டாக்டர் ஒரு மணி நேரத்தில் கேட்டில் வந்து நிற்பார். மழையானாலும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் இறங்கி, பையிலிருந்து மருந்தை எடுத்து அங்கேயே ஊசி போடுவார். அந்த மருந்தை முதல்முறை எழுத ஐம்பது மைல் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரி நிபுணரின் கையெழுத்து வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டிருந்தால், மறுநாளே தலைநகர் டப்ளினுக்குப் போகும் சாலையை டிராக்டர்களால் மறித்திருப்பார்கள். நியாயம்தான். ஆனால் டெர்வ்லா கில்ராய் பசு இல்லை. அதுதான் அவளுக்கு வந்த சிக்கல்.

டெர்வ்லாவுக்கு முப்பத்தாறு வயது. பதினான்கு வருடமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறாள். வெள்ளை வேன், பின்னால் புகை கக்கும் நைட்ரஜன் கேன், அதற்குள் வரிசையாக உறைவிந்துக் குச்சிகள். தோள்வரை பிளாஸ்டிக் உறை போட்ட இடது கை. ஏப்ரல் கடைசியில் தொடங்கும் ஏழெட்டு வாரம்தான் அவளுக்குப் பருவம். ஒரு நாளைக்கு முப்பது மாடுவரை பார்ப்பாள். வருட வருமானத்தில் பெரும்பங்கு அந்த வாரங்களில்தான் வரும்.

முதல் வருடம் மலாக்கி ஃபோர்டின் பண்ணைக்கு அவள் போனபோது, கிழவர் கேட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பொம்பளையா அனுப்பியிருக்கானுங்க? என் கிடேரி ஒத்துக்காதே."

"நீங்க வாயத் திறக்காம இருந்தா அதுக்குத் தெரியப்போறதில்ல, மலாக்கி."

கிடேரி ஒத்துக்கொண்டது. மலாக்கியும் ஒத்துக்கொண்டார். கல்யாணமே செய்துகொள்ளாத, இன்றைக்கு எழுபதைத் தாண்டிவிட்ட அந்த மனிதர், அதன்பின் வேறு யாரையும் தன் தொழுவத்துக்குள் விட்டதில்லை.

டெர்வ்லாவின் கணவன் ஃபியக்ரா கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்ப்பவன். மூன்று வாரம் கப்பல், பிறகு சில நாள் வீடு. நான்கு வருடமாகக் குழந்தைக்குக் காத்திருந்தார்கள். மாட்டுச் சந்தையில் வம்புக்கென்றே ஒருவன் இருப்பானே, அவன் கேட்பான்: "ஊர் மாட்டுக்கெல்லாம் சினை பிடிக்க வைக்கிறே, உனக்கு ஒண்ணும் காணோமே?"

"எனக்கு ஊசி போடுறவன் கடலுக்குப் போயிருக்கான். உனக்கு என்ன கவலை, உன் மாட்டப் பாரு" என்பாள். சந்தையே சிரிக்கும். வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவள் முகம் மாறும்.

பிப்ரவரி தொடக்கத்தில் புனித பிரிஜிட் திருநாள் விடுமுறைக்கு ஃபியக்ரா வீட்டுக்கு வந்தான். அந்த மாதக் கடைசியில் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு. கப்பலுக்குப் போன் போட்டாள். அவன் கத்திய கத்தலில் மேலதிகாரி ஓடிவந்து, எந்தக் காற்றாலை தீப்பிடித்தது என்று கேட்டாராம்.

மார்ச்சில் வாந்தி தொடங்கியது.

மசக்கை என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். காலையில் கொஞ்சம் குமட்டல், மாங்காய் மேல் ஆசை, கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடியதும் மாமியார் முகத்தில் மலர்ச்சி. டெர்வ்லாவுக்கு வந்தது அது இல்லை. நாளைக்கு முப்பது தடவை. மூடி வைத்துப் புளிக்கவைத்த புல்லின் வாசனை, டீசல், துண்டில் ஒட்டியிருந்த கணவனின் சவர சோப்பு, எது மூக்கில் பட்டாலும் குடல் மேலே வந்தது. தேநீர்கூட ஆகவில்லை. கில்கோரனில் தேநீர் வேண்டாம் என்பவளை நிச்சயம் ஏதோ திருடியிருக்கிறாள் என்பதுபோலப் பார்ப்பார்கள். மூன்று வாரத்தில் ஏழு கிலோ குறைந்தாள்.

வெளியே சொல்லவும் முடியாது. பன்னிரண்டு வாரம் முடியும்வரை கர்ப்பத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். ஆனால் பிறந்ததிலிருந்து மாடுகளை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களிடம் எதை மறைப்பது? மலாக்கியின் தொழுவத்துக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, கிழவர் கையில் ஈரத்துணியோடு நின்றார்.

"தீவனம் இறங்கலையோ, புள்ள?"

"ராத்திரி மீன் சாப்பிட்டேன், மலாக்கி."

"ஆமா ஆமா, மீன்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது. பன்னெண்டு வாரம் வரைக்கும் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது."

அந்த வாரமே, அவள் போன ஒவ்வொரு பண்ணையிலும் கேட்டருகில் கழுவிக் கவிழ்த்த ஒரு வாளி இருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பண்ணையில் வாளிக்குப் பக்கத்தில் நாற்காலிகூடப் போட்டிருந்தார்கள். வீட்டு வாசலில் வாயு போன எலுமிச்சை சோடா பாட்டில்கள் சேர்ந்தன. அந்த ஊரில் வயிற்றுக் கோளாறு எதுவானாலும் அதுதான் மருந்து. கர்ப்பிணிகளுக்கென்றே இருக்கும் ஒரு புனிதரின் பதக்கத்தை மூன்று பேர் தனித்தனியாகக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாது என்ற பாவனையில் அவள் கோட்டுக்குள் குத்திவிட்டார்கள். அன்பு பொய்யில்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வருவது இதற்குத்தான்: பதக்கம் இலவசமாக வீடு தேடி வந்தது. யாருடைய கையெழுத்தையும் அது கேட்கவில்லை. வாந்தியைக் குணமாக்கும் மாத்திரைதான் அதைக் கேட்டது.

ஊர் டாக்டரம்மா நல்லவர். பார்த்த உடனே சொன்னார்: "இது சாதாரண மசக்கை இல்ல, டெர்வ்லா. இதுக்கு மாத்திரை இருக்கு. நல்லா கேக்கும். ஆனா நான் முதல்ல எழுதினா அரசாங்கம் காசு தராது. ஆஸ்பத்திரி நிபுணர் முதல் சீட்டு எழுதணும். அப்புறம் நான் தொடரலாம்."

"நிபுணர் எப்பப் பாப்பாரு?"

"பன்னெண்டாவது வாரம்."

"வாந்தி எப்ப உச்சத்துல இருக்கும்?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறாவது வாரத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும்."

இந்த விதியை யோசித்தவர் ஒரு நாளாவது வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? வெள்ளம் வடிந்த பிறகு படகு தருவோம் என்கிற விதி இது. ஆஸ்பத்திரியின் சந்திப்புக் கடிதம் ஏற்கெனவே வந்திருந்தது: ஏப்ரல் 28. பருவம் தொடங்குவது ஏப்ரல் 20.

ஊர் மருந்துக்கடையை நடத்துபவர் கோப்னட் டைனன். கட்டையான பெண்மணி, உரத்த குரல். டாக்டரம்மா எழுதிய சீட்டுக்கு முழு விலையும் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினாள் டெர்வ்லா. ஆறு நாளைக்கு வரும். அந்த விலைக்கு அவள் வேன் ஒரு வாரம் ஓடும்.

இரண்டாம் நாள் வாந்தி பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் அடுப்படியில் நின்றபடியே, தோல்கூட உரிக்காமல், வெண்ணெய் தடவிய மூன்று உருளைக்கிழங்கைத் தின்றாள். உடனே ஃபியக்ராவுக்குப் போன் செய்து அழுதாள்.

"என்னாச்சு டெர்வ்லா? என்னாச்சு சொல்லு!"

"மூணு கிழங்கு, ஃபியக்ரா! மூணும் உள்ளயே இருக்கு!"

ஆறு நாள் முடிந்தது. அடுத்த பெட்டியைப் பாதிப் பாதி அளவாகச் சாப்பிட்டு நீட்டினாள். பாதி மாத்திரைக்குப் பாதி குணம்கூட வரவில்லை. மாத்திரை இருந்தால் வேலைக்குப் போகலாம், வேலைக்குப் போனால் மாத்திரை வாங்கலாம். இரண்டில் எது முதலில் என்று அவளால் பிடிக்கவே முடியவில்லை. வீட்டுக் கடன் கட்டியபின் ஃபியக்ராவின் சம்பளத்தில் மிஞ்சியது ஒரு பெட்டிக்குக் கூடப் போதவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் அவளை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சேர்த்து, உப்பு நீர் ஏற்றி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மாத்திரைச் சீட்டு? "அது நிபுணர் பிரிவும்மா, உங்களுக்குத்தான் தேதி கொடுத்திருக்கே." அடுத்த கட்டிலில் ஜூசாரா என்ற பிரேசில் பெண். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கும் அதே வாந்தி, எட்டாவது வாரம்.

"நீ எங்க வேலை?" என்று கேட்டாள் ஜூசாரா.

"மாட்ட உருவாக்குற எடத்துல."

"நான் வெட்டுற எடத்துல" என்றாள் ஜூசாரா. இரண்டு பேரும் வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தார்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், குளியலறைத் தரையில் கன்னத்தைப் பதித்துப் படுத்திருந்தபோது, டெர்வ்லாவுக்கு ஒரு எண்ணம் வந்தது. இந்தக் கர்ப்பம் போய்விட்டால் தேவலை. நான்கு வருடம் காத்திருந்த பிள்ளை. அந்த எண்ணம் அவளைப் பயமுறுத்தவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போனாள்.

"கோப்னட், எனக்கு வழி சொல்லுங்க. இருபத்தெட்டாந் தேதி வரைக்கும் நான் தாங்கமாட்டேன்."

கோப்னட் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கடிதத்தை வாங்கிப் படித்தார். புருவம் நெரிந்தது.

"இது என்ன கண்ணு? 'பிப்ரவரி 4'னு போட்டிருக்கான்?"

"அதான் தேதி."

"எதோட தேதி?"

"ஃபியக்ரா வீட்டுக்கு வந்த... அதான், அந்தத் தேதிதான். எனக்கு நல்லா தெரியும். ஒரே நாள்தான்."

கோப்னட் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "அடிப் பாவி. மாட்டுக் கணக்கா போட்டுவச்சே?"

டெர்வ்லாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு சுருக்கென்று புரிந்தது. பதினான்கு வருடமாக ஒவ்வொரு மாட்டுக்கும் பதிவேட்டில் ஊசி போட்ட நாளைத்தான் எழுதுகிறாள். அதிலிருந்துதான் கன்று ஈனும் நாளை எண்ணுவார்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தை இரண்டு பண்ணைகளுக்கு நடுவில், வேன் முன்பலகையில் வைத்து நிரப்பும்போது, கை தானாக அதையே எழுதிவிட்டது. படிவம் கேட்டது கடைசி மாதவிலக்கின் முதல் நாளை. மனுஷிக்கு அங்கிருந்துதான் வாரம் எண்ணுகிறார்கள். ஊரிலேயே சினைக் கணக்கு தெரிந்த ஒரே பெண், தன் கணக்கில் இரண்டு வாரத்தைத் தொலைத்திருந்தாள்.

"அந்த நாள் எனக்கு ஞாபகம் இல்லியே" என்றாள்.

"எனக்கு இருக்கு. ஜனவரி இருபத்தொண்ணு. அன்னிக்கு என் பொறந்தநாள். நீ வந்து நாப்கின் வாங்கிட்டு, 'இந்த மாசமும் போச்சு, கோப்னட்'னு இங்கதான் உக்காந்து அழுதே. நான் கேக்கு வெட்டுற கத்தியக் கையில வச்சுக்கிட்டே உனக்கு ஆறுதல் சொன்னேன். பாத்தவன் நான் உன்னை மிரட்டுறேன்னு நெனச்சான்."

ஜனவரி 21 என்றால் பன்னிரண்டாவது வாரம் ஏப்ரல் 14-ல் முடிகிறது. அவர்கள் கடையில் பேசிக்கொண்டிருந்த நாள் ஏப்ரல் 9.

கடையிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். கோப்னட் ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார். சளிமருந்து வாங்க வந்த இரண்டு பேரும் ஒரு பேச்சுக்குக்கூட நகரவில்லை.

"தேதிய மாத்தணும்னா முதல் சந்திப்புல ஸ்கேன் பாத்துதான் மாத்துவோம்" என்றது எழுத்தர் குரல்.

"முதல் சந்திப்பே அந்தத் தப்புத் தேதிய வச்சுத்தானேம்மா குடுத்திருக்கீங்க?"

"ஆமாங்க."

"அப்போ தப்பத் திருத்த நான் தப்பு முடியிற வரைக்கும் காத்திருக்கணுமா?"

"விதி அப்படிங்க."

டெர்வ்லா எத்தனையோ முரட்டுக் கிடேரிகளைக் கூண்டில் நிறுத்தியவள். கத்தினால் மாடு மிரளும், விலகினால் உதைக்கும், பக்கத்திலேயே நகராமல் நிற்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "நான் போன வைக்கப்போறதில்ல. சினை ஊசி போட்ட தேதிய எழுதிட்டேன், அது என் தப்பு. சரியான தேதி இது. யாருக்கு இது புரியுமோ அவங்ககிட்ட குடுங்க. நான் இருக்கேன்."

இருபது நிமிடம் இருந்தாள். நடுவில் ஒருமுறை வாளி தேவைப்பட்டது. கோப்னட் வாளியைப் பிடிக்க, சளிமருந்துக்காரர் போனைப் பிடித்தார். கடைசியில் ஒரு பெரிய நர்ஸம்மா வந்தார்.

"யாரும்மா அது, சினை ஊசின்னு சொன்னது? நீ கில்ராய் வேன்காரியா?"

"ஆமாங்க."

"என் தம்பி பண்ணைக்கு வர்றவளா? மாட்டுக் கணக்கு போட்டுட்டியா நீ?" மறுமுனையில் சிரிப்பு ஓய வெகுநேரமானது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொள்வது கேட்டது. "பதினாறாந் தேதி காலையில ஒன்பதரைக்கு வா. நானே எழுதிக்கிறேன். வர்றப்ப ஒரு வாளி கொண்டுவா, இங்க இருக்கறதுக்கு மூடி இல்ல."

பதினாறாம் தேதி நிபுணர் நான்கு நிமிடம் பார்த்தார். கையெழுத்துப் போட அரை நிமிடம். ஊர் டாக்டரம்மா மார்ச்சில் எழுதிய அதே மாத்திரை, அதே அளவு. அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இத்தனை வாரம்.

இருபதாம் தேதி காலை டெர்வ்லா மலாக்கியின் தொழுவத்தில் நின்றாள். வாந்தி அடியோடு நிற்கவில்லை. நாளைக்கு மூன்று, நான்கு. அதோடு வேலை செய்யலாம். எட்டு மாடு முடித்துவிட்டு, மலாக்கி கொடுத்த ரொட்டியை வேன் படியில் உட்கார்ந்து தின்றாள்.

"இப்ப கேக்கலாமா?" என்றார் மலாக்கி.

"கேளுங்க."

"எப்ப ஈனுறே?"

"அக்டோபர் கடைசி. மனுஷக் கணக்குல."

அவள் ஜூசாராவை மறக்கவில்லை. நர்ஸம்மாவுக்குப் போன் செய்து அவளுக்காகவும் கேட்டாள். "அவ தேதி சரியாத்தானே இருக்கு, கண்ணு. நான் எதைத் திருத்துறது?" என்றார் அவர் வருத்தமாக. டெர்வ்லாவின் கோபம் அங்கேதான் முழுசாகப் பற்றியது. தப்பாக எழுதியவளுக்கு வழி கிடைத்தது, அதுவும் ஒரு தம்பியின் பண்ணை இருந்ததால். சரியாக எழுதியவள் இன்னும் தரையில் படுத்திருக்கிறாள். தெரிந்தவர்கள் இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் வாளி என்றால் அதற்கு உரிமை என்று பெயரா?

மறுவாரம் மாட்டுச் சந்தையில் ஒரு மனுவைக் கொண்டுவந்து ஏலக் கூண்டின் கம்பியில் கட்டினாள். இரண்டே வரி. கடும் மசக்கைக்கு முதல் சீட்டை ஊர் டாக்டரே எழுதலாம், அரசு பணம் தரவேண்டும். முதல் கையெழுத்து மலாக்கி. வம்புக்காரன் தயங்கினான்.

"இது பொம்பளைங்க சமாச்சாரமாச்சே?"

"நீ எங்கேருந்து வந்தே, முட்டையிலேருந்தா?" என்றார் மலாக்கி. "போடுடா கையெழுத்த."

அன்று முந்நூற்றுப் பதினோரு கையெழுத்து. பாதியில் சாணி. சனிக்கிழமை ஓட்டல் பின்னறையில் குறைகேட்க உட்காரும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஜூசாராவையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் சாலைக் குழியைப் பற்றிப் பேச வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பேனாவைத் திறந்திருந்தார். நாடாளுமன்றத்தில் கேட்பதாக ஒப்புக்கொண்டார். "எந்தத் தேதியில?" என்றாள் டெர்வ்லா. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் மேசையடிக் குப்பைக்கூடையை ஜூசாரா இரண்டுமுறை பயன்படுத்திக்கொண்டது அவர் கை வேகத்தைக் கூட்டியது என்று கேள்வி.

மன்றத்தில் கேள்வி கேட்கப்பட்டது. "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சந்தைச் சுவரில் ஒட்டி, கீழே இரண்டாவது மனுவைத் தொடங்கியிருக்கிறாள் டெர்வ்லா. அவள் மகள் மேவ் அக்டோபர் 27 அன்று பிறந்தாள், மூன்றே முக்கால் கிலோ. ஜூசாராவுக்குப் பையன். பன்னிரண்டு வாரம் முடியும்வரை அவளுக்கு யாரும் சீட்டு எழுதவில்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். அந்தப் பதினொரு நாளுக்கு அரசு செலவழித்த பணத்தில் எத்தனை பெட்டி வாங்கியிருக்கலாம் என்று கோப்னட் கணக்குப் போட்டு மனுவின் பின்பக்கம் எழுதியிருக்கிறார்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், அலுவலகத்தில் கர்ப்பமான ஒரு பெண் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாள். "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, தண்ணீர் உள்ளே தங்குகிறதா, சிறுநீர் போகிறதா, எடை குறைந்ததா என்று இன்றைக்கே கேளுங்கள். பதில் பயமாக இருந்தால் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மருந்து இருந்தும் விலையோ விதியோ குறுக்கே நின்றால், அந்த விதி எழுதியவரின் பெயரைக் கேட்டு, ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, தெருவில் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி, பதில் வரும்வரை அவர் மேசை எதிரே உட்காருங்கள்.